மிஞ்சிய வசனங்கள்

"கதவைச் சாத்து. இந்த அறையை விட்டு யாரும் உயிரோடு போக முடியாது."

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சொன்னது இதுதான். நல்ல கனமான ஆங்கிலத்தில் சொன்னார். சக்கர நாற்காலியில் அவருடைய வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. குரல் மட்டும் அந்தப் பெரிய கூடத்தின் கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பியது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த மறுவருடம் அது. நாங்கள் நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். கணவருக்கு வேலை போயிருந்தது. வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கும் வேலைக்கு நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். நான் முக்காடு போடுகிறவள். அதற்குள் இரண்டு வீடுகளில் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இது மூன்றாவது என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தேன். உள்ளேயிருந்து அவருடைய மகள் ஓடிவந்தாள்.

"ப்ளீஸ், போயிடாதீங்க. அப்பாவுக்குக் குளிருது, கதவைச் சாத்தச் சொல்றார். அவ்வளவுதான்."

அவர் ஸ்வீடன் நாட்டு நடிகர். பக்கவாதம் அவருடைய பேச்சை, தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே, எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் பல வருடம் மனப்பாடம் செய்து பேசிய சினிமா வசனங்கள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. பேச்சு போனவர்கள் சிலர் பழைய பாட்டை மட்டும் தடுமாறாமல் பாடுவதுண்டு, இதுவும் அதைப் போன்றதுதான் என்று அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். அவரோ வாழ்நாள் முழுக்க வில்லனாக நடித்தவர். ஆகவே தண்ணீர் கேட்பதற்கும் தலையணையை நகர்த்தச் சொல்வதற்கும் அவரிடம் மிஞ்சியிருந்தவை கொலைகாரர்களின் வார்த்தைகள்.

அவருடைய கதையை மகள்தான் துண்டு துண்டாகச் சொன்னாள். வடக்கு ஸ்வீடனில் மர அறுவை ஆலை இருந்த ஓர் ஊரில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் நாடக மேடையில் காதல் நாயகனாகப் பெயர் வாங்கியிருக்கிறார். அமெரிக்கா வந்ததும் அந்த முகமும் உச்சரிப்பும் வேறொன்றுக்குத்தான் பயன்பட்டன. ஜெர்மன் அதிகாரி, ரஷ்ய உளவாளி, வைரம் கடத்துகிறவன் என்று வரிசையாக வேஷங்கள். ஸ்வீடன்காரனாக ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. அநேகமாக எல்லாப் படத்திலும் கடைசியில் செத்துப்போனார். பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில் குடும்பத்தைக் கெடுக்கும் மாமனாராக வருடக்கணக்கில் வந்தார். பணம் கொட்டியது அதில்தான். ஏரிக்கரையில் அந்த வீடு, இரண்டு படகுகள், சுவர் நிறைய ஓவியங்கள் எல்லாம் அப்படி வந்தவை. இரண்டு மனைவிகள் விவாகரத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கொண்டுபோனார்கள். நான் போன காலத்தில் மாடி அறைகள் பூட்டிக் கிடந்தன. ஓவியங்கள் மாட்டியிருந்த இடங்களில் சதுரம் சதுரமாக வெளுத்த தடங்கள் மட்டும் இருந்தன. சூப்பர் மார்க்கெட்டில் ஒருமுறை யாரோ ஒரு பெண் அவரைக் கைப்பையால் அடித்தாளாம். தொடரில் அவர் மருமகளை வீட்டை விட்டுத் துரத்திய வாரம் அது. "அப்பா அவகிட்ட மன்னிப்புக் கேட்டார்" என்று மகள் சிரித்தாள்.

அலமாரி நிறைய அவருடைய படங்களின் வீடியோ கேசட்டுகள் இருந்தன. பயிற்சி கொடுக்கும்போது ஒன்றைப் போட்டுவிடுவேன். திரையில் இளவயது முகம் மிரட்டிக்கொண்டிருக்கும். இங்கே கிழவர் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டே வாயசைப்பார். அப்படித்தான் அவருடைய மொழி எனக்குப் பிடிபட்டது. "விடிந்ததும் எல்லோரையும் சுட்டுவிடு" என்றால் வலிக்கிறது, நிறுத்து என்று பொருள். "குடியுங்கள் மேஜர், இதில் விஷம் இல்லை" என்றால் எனக்குத் தேநீர் கொடுக்கும்படி மகளிடம் சொல்கிறார். ஒரு படத்தில் அவர் தோற்றுப்போன தளபதி. எதிரிகள் சூழ்ந்து நிற்க, "காகிதத்தைக் கொடு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்பார். களைத்துப்போய், எல்லோரும் போய்விட்டால் தேவலை என்று தோன்றும்போது அவர் சொல்வது அந்த வசனம். நான் உடனே பையைக் கட்டிவிடுவேன். இடது கையை உயர்த்தி ஒரு சல்யூட் வைப்பார்.

மகளுக்கு ஸ்வீடிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தன் உச்சரிப்பால்தான் ஆயுள் முழுக்க அந்நியனாகவும் அயோக்கியனாகவும் நிற்க வேண்டியிருந்தது என்று அவர் நினைத்தார். மகளின் நாக்கில் அந்த வாசனையே படியக்கூடாது என்று வீட்டில்கூட ஆங்கிலம்தான் பேசினாராம். இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து என் மகனிடம், "சாப்டியாம்மா?" என்றேன். "ஐ ஏட் ஆல்ரெடி, உம்மா" என்றான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். உம்மா என்ற ஒரு சொல்லாவது வந்ததே என்று இருந்தது எனக்கு.

இலையுதிர் காலத்தில் வக்கீல் வந்தார். மகள் டெக்சாஸில் பள்ளி ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இங்கேயே தங்க அவளால் முடியவில்லை. வீட்டை விற்று, அப்பாவைத் தன் ஊர்ப் பக்கம் ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்க்கப்போகிறாள். அதற்கு, அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம் வேண்டும். வக்கீல் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, சம்மதமா என்று கேட்டார். பெரியவர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் விடாமல் மறுபடியும் மறுபடியும் கேட்க, அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "காகிதத்தைக் கொடு. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"

வக்கீலின் முகம் தெளிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது அவரோட பதில் இல்ல. சினிமா வசனம். எல்லாரையும் போகச் சொல்றார்" என்றேன்.

வக்கீல் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில்.

"எனக்குத் தெரியும். அந்தப் படத்தை உங்களுக்கு முன்னாடியே பார்த்தவ நான்" என்றாள். பிறகு, "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? சொல்லுங்க, பண்றேன்" என்றாள்.

வக்கீல் இன்னொரு தடவை கேட்டார். பெரியவர் அதே வசனத்தை உரத்த குரலில், படத்தில் இருந்ததைவிடவும் நன்றாகச் சொன்னார். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். பனிக்காலம் வருமுன் வீடு விற்றுப்போனது.

சில வருடங்கள் கழித்துக் கணவருக்கு டெக்சாஸில் டாலஸ் பக்கம் வேலை கிடைத்து, நாங்கள் ஃபிரிஸ்கோவில் குடியேறினோம். மகளுக்கு போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு காப்பகத்துக்கு டிரைவ் பண்ணிப் போனேன். வாசலில் இருந்த பணிப்பெண், "கிட்டப் போகாதீங்க, மிரட்டுவார்" என்றாள். குளிப்பாட்டும்போது எல்லோரையும் சுட்டுவிடு என்கிறாராம். கதவைத் திறந்தால் உயிரோடு போக முடியாது என்கிறாராம். பயந்துபோய் டாக்டரிடம் சொல்லி, அடங்கிக் கிடக்க மாத்திரை கொடுத்துவருகிறார்கள். நான் ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் சொன்னேன். அவள் கவனமாகத்தான் கேட்டாள். "அவர் பொண்ணும் இதைத்தான் சொன்னாங்க. ஆனா இங்க மாசத்துக்கு மாசம் ஆள் மாறுது. யார்கிட்டன்னு சொல்றது?" என்றாள்.

உள்ளே தாடை தொங்க உட்கார்ந்திருந்தார். காலைத் தூக்கிப் பார்த்தேன், மரக்கட்டையாக இறுகியிருந்தது. வலித்திருக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லவில்லை. சுடச் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகும் அடிக்கடி போனேன். மாத்திரையைக் குறைக்க மகள் டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குறைத்தார்கள். ஆனாலும் ஒரு வசனம்கூடத் திரும்பி வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டாள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது, "ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

கடைசி நாள் மதியம் அவர் பேசினாராம். வசனம் இல்லை, ஸ்வீடிஷ். அத்தனை வருடம் எங்கே இருந்ததோ, தடங்கலே இல்லாமல் வந்ததாம். மெல்லிய குரல், அவள் கேட்டே இராத குரல். நடுவில் சிரித்தார். ஓரிடத்தில் அழுதார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். பதிலுக்காக முகத்தையே பார்த்தார். திரும்பவும் அதையே கேட்டார். காப்பகத்தில் அந்த மொழி தெரிந்தவர் யாரும் இல்லை.

"நீங்க என்ன பண்ணினீங்க?" என்றேன்.

"யெஸ், யெஸ்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "நோன்னு சொல்லியிருக்கணுமோ என்னவோ."