முத்துச்செல்வியின் இருபத்தொன்பது நாள்

ஷேர் ஆட்டோவில் முதலில் பையை ஏற்றுவாள், அப்புறம் தன்னை ஏற்றிக்கொள்வாள், மிச்சமிருக்கும் இடத்தில் சோற்று டப்பாவை வைப்பாள் முத்துச்செல்வி. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் தினமும் காலை ஐந்தரைக்கு நடப்பது இது. ஏழு மாத வயிறு. டிரைவர் வரதராஜுலு கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

"இன்னாம்மா, ஒரு சீட்டுக்குத் துட்டு குட்த்துட்டு ரெண்டு சீட்ல குந்திகினு கீறே."

"ரெண்டு பேருலா ஏறிருக்கோம் அண்ணாச்சி. உள்ள இருக்கதுக்கு டிக்கெட் வேணும்னா அதுகிட்டயே கேளுங்க."

"பொறந்து வரட்டும், வட்டியோட வாங்கிக்கிறேன்" என்று அவர் கியரைப் போடுவார்.

சொந்த ஊர் கயத்தாறு பக்கம். வயது இருபத்தேழு. ஒரகடத்தில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில் வேலை. ஒயர் முனையைச் சொருகும்போது எழும் 'டிக்' சத்தத்தை வைத்தே சரியா தப்பா என்று சொல்லிவிடுவாள். டிப்ளமா முடித்து வந்தவர்கள் மீட்டரை வைத்துப் பத்து நிமிடம் தடவிப் பார்த்துச் சொல்வதும் அதையேதான். கையால் பிழைத்து மேலே வந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. எத்தனாவது வரை படிச்சே என்று கேட்கிறவர்களுக்குத்தான் ஆச்சரியம்.

பையில் கடலைமிட்டாய் எப்போதும் இருக்கும். அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு துண்டு நீட்டுவாள். அவர்கள் மென்று முடிப்பதற்குள் இவள் லைனுக்குப் போயிருப்பாள். பிள்ளையின் அப்பன் புனேயில் வேலை என்று போனவன், போன கையோடு போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அவுக போயாச்சு. நான் இருக்கேன்லா, என்னையக் கேளுங்க."

இத்தனை வாய் உள்ளவள் ஒரு விஷயத்தில் மட்டும் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. பேறுகாலத்துக்கு ஈ.எஸ்.ஐ.யில் இருபத்தாறு வாரச் சம்பளம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கல்யாணப் பத்திரிகை கேட்பார்கள், புருஷன் ஆதார் கேட்பார்கள் என்று ரூமில் கூட இருக்கும் பூமாரி பயமுறுத்தி வைத்திருந்தாள். அந்தப் பணம் வராவிட்டால் வலி எடுக்கும்வரை லைனில் நிற்கவேண்டும். நாற்பதாம் நாள் பிள்ளையை ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். அதை நினைத்த ஒரு திங்கட்கிழமை, அரை நாள் பர்மிஷன் போட்டு ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றாள்.

"சார், புருசன் பேரு கட்டாயம் எழுதணுமா?"

கிளார்க் நிமிர்ந்தார். "புடிச்சது உன் சம்பளத்துலம்மா. உன் பேரு போதும். ஆனா எழுபது நாள் கட்டியிருக்கணும். உனக்கு நாப்பத்தொண்ணுதான் கீது. இருபத்தொம்பது கொறையுது."

ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே லைனில் நிற்பவளுக்கு நாற்பத்தொரு நாளாம்.

இந்தப் பக்கத்து சங்கதி இதுதான். பதினொரு மாதம் ஆனதும் கான்ட்ராக்டர் மாறுவார். ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி, அதே கேட், அதே லைன், புது அட்டை என்று திரும்ப எடுப்பார்கள். பழைய ஈ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறதா என்று புதுக் கான்ட்ராக்டர் கேட்டால் இல்லை என்று சொல்லவேண்டும், இருக்கிறது என்றால் எடுக்கமாட்டான் என்பது ரூம் ரூமாகப் பரவியிருக்கும் நம்பிக்கை. பிப்ரவரியில் முத்துச்செல்வியும் அப்படித்தான் சொன்னாள். உடனே புது நம்பர் போட்டுவிட்டார்கள்.

ஜன்னலில் நின்று அதைச் சொன்னாள். கிளார்க் பழைய நம்பரைத் தட்டிப் பார்த்தார். அதில் இருநூற்றுச் சொச்சம் நாள் சும்மா கிடந்தது.

"ஏம்மா, இவ்ளோ வச்சிகினு ஏன் மறைச்சே? ரெண்டு கான்ட்ராக்டரும் லெட்டர் குடுத்தா சேத்துடலாம்."

புதியவர் அன்றைக்கே கொடுத்துவிட்டார். பென்னலூரில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பழையவர், நாளைக்கு, நாளன்னிக்கு என்று மூன்று முறை இழுத்தார். நாலாம் முறை முத்துச்செல்வி படிக்கட்டு நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடத் தொடங்கினாள்.

"வழிய வுடும்மா, சாப்பாட்டுக்குப் போணும்" என்றார் பழையவர்.

"எந்திரிக்கணும்னா ரெண்டு பேரு கைகுடுத்துத் தூக்கணும் அண்ணாச்சி. லெட்டர் கைக்கு வந்துச்சுன்னா நானே எந்திரிச்சிருவேன்."

அவர் திரும்பி மேலே போய் எழுதிக்கொண்டு வந்தார். வயிற்றையே வேலைக்கு வைத்துக் காரியம் முடித்தவள் இந்த நெடுஞ்சாலையில் இவள் ஒருத்திதான்.

இரண்டு லெட்டரையும் ஜன்னலில் கொடுத்த ஒன்பதாம் நாள், வேலை நடுவில், இரண்டு நம்பரும் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நேரே சூப்பர்வைசர் மோகன்ராஜ் மேசைக்குப் போய் லீவு லெட்டரை வைத்தாள். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்னாலேயே எடுக்கலாம் என்று கிளார்க் சொல்லியிருந்தார்.

"இந்த மாசம் முடியட்டுமே முத்து. லைன்ல ஆளே இல்ல. ஓ.டி. வேணா போட்டுத் தரேன்" என்றார் மோகன்ராஜ்.

முத்துச்செல்வி, ஒயர் குத்தாமலிருக்க விரல் நுனிகளில் மாட்டியிருந்த ரப்பர் உறைகளை ஒவ்வொன்றாக உருவி, அவருடைய ஓ.டி. நோட்டின் மேல் பத்தையும் வரிசையாக நிறுத்தினாள்.