கறார் அக்காவின் சாட்சி

சிகரத்துக்கு ஆள் கூட்டிப்போகும் வழிகாட்டிகளில் அவளுக்கு மட்டும்தான் பட்டப்பெயர் உண்டு: கறார் அக்கா. கயிற்றில் ஒரு முடிச்சு கோணலாக இருந்தால் அவிழ்த்து மறுபடி போடச் சொல்வாள், எதிரே நிற்பவர் கோடீஸ்வரராக இருந்தாலும் சரி. "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பாள். "குடிச்சேன்" என்றால் பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பாள். அவளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அவளும் யாருக்கும் பிடிக்க வேண்டும் என்று தவம் கிடக்கவில்லை.

அந்தக் கறார் அப்பாவிடமிருந்து வந்தது. அந்தச் சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்த இருவரில் அவர் ஒருவர். கூடப் போனவர் இறங்கும்போது பனிப்பிளவில் விழுந்து போய்ச் சேர்ந்தார். கேமராவும் அவரோடு போனது. அப்பா தனியாக ஊர் வந்து, "ஏறிட்டோம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். ஊர் நம்பியது. படம் எங்கே என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் மலையேறி சொன்னால் சொன்னதுதான்.

இப்போது? காசைக் கட்டினால் சிகரம். மேலே சமையல்காரர் உண்டு, படுக்கைக்கு வெந்நீர்ப் பை உண்டு, உச்சிக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்பது போல வரிசை உண்டு. முன்னால் இழுக்க ஒருவர், பின்னால் தள்ள ஒருவர். போய் நின்று கொடி பிடித்துவிட்டு, மலையை வென்றேன் என்று வீடியோ போடுகிறார்கள். வென்றார்களாம்! பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதுதான் பிழைப்பு. அவளுடைய சொந்த அக்காவின் வீட்டுக்காரர் நடத்தும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை.

இந்த முறை அவள் கயிற்றில் வந்தவர் ஒரு கட்டடக்காரர். உச்சிக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. மேகம் மூடினால் அதுவே உச்சி போலத் தோன்றும். அங்கே அவருக்கு மூச்சு முட்டியது. "போதும் சார், திரும்பணும்" என்றாள். அவர் கொடியை விரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். பாவம், ஆசைக்கு எடுக்கட்டும் என்று விட்டாள். கீழே வந்ததும் அது உச்சிப் படமாகிவிட்டது. பாராட்டு விழாவும் ஏற்பாடாகிவிட்டது. வழிகாட்டி மேடையேறி, "இவர் உச்சி தொட்டார், நான் சாட்சி" என்று சொல்ல வேண்டும். மலையேறிகள் சங்கத்தில் அப்படியொரு வழக்கம்.

விழாவன்று மதியம், ஈர பூட்ஸ்கள் காயும் சாமான் அறையில் அத்தான் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வரிம்மா. சொல்லிட்டு இறங்கிடு. அவர் ஆபீஸே அடுத்த வருஷம் மலையேற நம்மகிட்ட வருது."

"போகாத இடத்துக்கு எப்படி அத்தான் சாட்சி சொல்றது?"

"கொஞ்ச தூரம்தானே பாக்கி? அதுல என்ன குடி முழுகிடும்?"

"என் குடிதான் முழுகும். இன்னைக்கு நான் பொய் சொன்னா, அப்பா சொன்னதையும் பொய்ம்பாங்க. அந்த ஒரு வார்த்தையை விட்டா அவர்கிட்ட வேற என்ன இருக்கு?"

"அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"வரலை, போங்க!" கையிலிருந்த பூட்ஸை மூலையில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. அவளுடைய அக்கா அப்பாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தாள். கறார் அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"சார் உச்சி தொடலை. நின்னது கீழ் மேடு. மூச்சு முட்டுச்சு, நான்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுக் கூச்சலுக்குக் காத்திருந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அதுவரைக்கும் போனதே பெருசுதான், விடும்மா!" உடனே கைதட்டல். கேடயம் வந்தது, படம் எடுத்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உச்சியாவது மேடாவது என்று ஒருவருக்கும் அக்கறையே இல்லாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கட்டடக்காரர் கோபப்படவில்லை. கேடயத்தை அணைத்துக்கொண்டு சிரித்தபடி மைக்கை வாங்கினார்.

"அக்கா ரொம்பக் கறார். இருக்கட்டும். ஆனா அவங்கப்பா உச்சிக்குப் போனதை மட்டும் யாரு பார்த்தா? அவரும் அந்த மேட்டுலயே நின்னுட்டுத் திரும்பியிருக்கலாம்ல?"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பாவின் ஒரு வார்த்தையை நம்பிய அதே ஊர்தான். அந்த ஆள் சட்டையைப் பிடிக்க அவளுக்குக் கை பரபரத்தது. அதற்குள் கீழே அப்பா கைகாட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. அவருக்குக் காது மந்தம். இறங்கிப் போய்க் குனிந்தாள்.

"என்னைப் பார்த்துதானே எல்லாரும் சிரிக்கிறாங்க? என்ன சொன்னாரு?"

அவள் மேடையை ஒருமுறை முறைத்துவிட்டு, அவர் காதருகே வாய் வைத்தாள்.

"உங்களைப் பத்திதான்ப்பா. உங்களை மாதிரி இதுவரைக்கும் யாருமே ஏறலையாம்."

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மேடையில் நின்ற கட்டடக்காரரைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தார்.