சைக்கிள் டியூபில் வைத்த வெள்ளிக்காசுகள்

கல்யாணமான புதிதில் என் மனைவி தன் தாய்வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில், "குடி இல்லை, சூது இல்லை, காசுப் பைத்தியம் மட்டும் இருக்கிறது" என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாளாம். மருமகன் சிக்கனக்காரன் என்று மாமனாருக்கு ஒரே சந்தோஷம். பாவம், நல்ல மனிதர்.

நான் அப்போது மலாக்காவில், ரெம்பியா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன். வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாயாவில் எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். தோட்டத்து வாசலில் போகும்போதும் சோதனை, வரும்போதும் சோதனை. பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கையில் கொண்டுபோகக் கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். இப்படி ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பழைய வெள்ளிக்காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் அந்தக் காசுகளுக்கு எப்போதோ மதிப்புப் போய்விட்டது. எல்லாம் காகிதம் ஆகிவிட்டது. ஆனால் தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளில் தகரப் பெட்டிக்கு அடியில், கல்யாணச் சேலை மடிப்பில் அவை இருந்தன. கிரீடம் வைத்த ராஜா தலை போட்டது, சீன எழுத்தும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தும் போட்டது. ஒரு காசில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சூலம் பிடித்து நிற்பாள். தோட்டத்தில் அதற்கு அம்மன் காசு என்று பெயர். அதை என்னிடம் விற்க வந்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுப்பார்கள். நான் காகிதப் பணம் கொடுத்து, மேலே கொஞ்சம் சில்லறையும் போட்டு வாங்குவேன்.

சேர்க்கச் சேர்க்க எனக்கு மண்டைக்கனம் ஏறியது. தேய்ந்ததைத் தொடமாட்டேன். மாலை கோக்க வளையம் வைத்துப் பற்றவைத்த காசு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஓட்டை போட்ட காசை நீட்டியவர்களை வாசற்படியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து ஊரான சிம்பாங் அம்பாட்டில் கண்ணாடி அலமாரியில் காசு வைத்திருந்த ஒரு கடைக்காரரை இரண்டு முறை பார்த்திருந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வாங்கியதை எதில் வைப்பது என்பதுதான் பெரிய பாடு. பிஸ்கட் டின்னில் வைத்தேன், மலாக்கா ஈரத்துக்கு டின் துருப்பிடித்தது. மரப்பெட்டியில் வைத்தேன், கரையான் வந்தது. துணியில் சுற்றி வைத்தேன், துணி பூசணம் பூத்துப்போனது. என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி இருப்பாள். "பொண்டாட்டிக்கு ஒரு கொலுசு வாங்க வக்கில்ல, ராஜாவுக்குத் துணி சுத்துறாரு" என்பாள்.

கடைசியில் ஒருநாள் ஆபீஸுக்குச் சைக்கிள் மிதித்துப் போகும்போது வழி பிறந்தது. பழைய சைக்கிள் டியூப். காற்றே போகாத இடத்தில் ஈரம் எப்படிப் போகும்? ரப்பர் தோட்டத்தில் சம்பளம் வாங்குகிறவன் ரப்பரை நம்பாமல் வேறு எதை நம்புவது? டியூபை முழ நீளத்துக்கு வெட்டினேன். ஒவ்வொரு காசையும் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்தேன். காகிதத்தில், கிராணி கையெழுத்தில், யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி என்று எழுதினேன். டியூபுக்குள் வரிசையாகத் தள்ளி, இரண்டு முனையையும் நூலால் இறுக்கிக் கட்டினேன். பிறகு கோழிக்கூண்டுக்கு அடியில் செருகி வைத்தேன். உலகத்திலேயே இவ்வளவு புத்திசாலித்தனமாகக் காசு வைத்தவன் கிடையாது என்று இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் வழக்கமான சோதனை ஒன்று வந்தது. கோழிகள் கத்தின. மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். டியூபை இழுத்தார்.

அந்த இடத்தில் நான் போலீஸாக இருந்திருந்தால் நானே என்னைப் பிடித்திருப்பேன். காட்டுக்காரர்களுக்குத் தோட்டந்தோறும் ரகசியமாகச் சந்தா வசூல் நடக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இங்கே தொழிலாளிகள் பேரும் தேதியும் போட்டு, தண்ணீர் புகாத ரப்பருக்குள், கோழிக்கூண்டுக்கு அடியில் வெள்ளிக்காசு. இதைவிட ஒழுங்காக எந்தக் கம்யூனிஸ்டும் கணக்கு வைத்திருக்கமாட்டான்.

மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். விசாரணை இல்லாமல் முகாமில் அடைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கும் அனுப்பலாம் என்று சொன்னார்கள். இந்தியாவை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. மனைவி தினமும் மேடான வயிற்றோடு வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பிறக்கும்போது நான் எந்த நாட்டில் இருப்பேன் என்று தெரியவில்லை. தோட்டத்து மேனேஜர் துரை எனக்காக ஒரு கடிதம் கொடுத்தார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்துதான் மேசைமேல் சாட்சியாகக் கிடந்தது.

காகிதத்தில் பேர் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, கிராணிக்குக் காசே கொடுத்ததில்லை என்று சாதித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தா கொடுப்பதும் குற்றம்தானே. அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள், நான் இன்னும் ஒரு முழம் உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் வெள்ளைக்கார அதிகாரி டியூபை அறுத்துக் காசுகளை மேசையில் கொட்டினார். எல்லாம் கரிக்கட்டை. ராஜாவும் அம்மனும் ஒரே கறுப்பு. எனக்கு முகாம், கப்பல் எல்லாம் மறந்துபோய் "ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். டியூப் ரப்பரில் கந்தகம் இருக்கிறது, கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும், இதுகூடத் தெரியாதா என்று அதிகாரி கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அனுப்பும் ரப்பரில் கந்தகம் கிடையாது. அது கப்பலேறிச் சீமைக்குப் போய், அங்கே கந்தகம் சேர்த்துக்கொண்டு, டியூபாகத் திரும்பி வந்து என் காசைத் தின்றிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. மேல்லயத்தில் இருந்த ஒரு பால்மரத் தொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூத்த அம்மாள். யாரும் கூப்பிடாமல் தானாக வந்திருந்தார். உள்ளே வந்ததும் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் காசை எடுத்து மேசைமேல் டக்கென்று வைத்தார். ராணி தலை போட்ட இருபது காசு, தலைக்கு மேலே ஓட்டை. "செமுவா ஓராங் புஞா டியா அம்பில்! சாயா புஞா டியா தாமாவ்!" என்று அதிகாரியிடம் பாசார் மலாயில், சந்தைப் பேச்சில் வெடித்தார். எல்லோர் காசையும் எடுத்துக்கொண்டான், என் காசை மட்டும் வேண்டாம் என்றுவிட்டான். அதுதான் அவருடைய புகார்.

அதிகாரி காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டை விழுந்தாலும் வெள்ளிதானே, ஏன் வாங்கவில்லை?" என்றார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் ஆரம்பித்துவிட்டேன். ஓட்டைக் காசு சேகரிப்புக்கு ஏன் ஆகாது, ஓரம் எப்படி இருக்கவேண்டும், ராணி மூக்கு எவ்வளவு தேயலாம், எவ்வளவு தேயக்கூடாது. கால்மணி நேரம் இருக்கும். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். சந்தா வசூலிக்கிறவன் எவனும் மூக்குத் தேய்ந்தது என்று காசைத் திருப்பிக் கொடுக்கமாட்டான் என்று பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நன்றி சொல்ல அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். காட்டுக்காரர்கள் நெருங்காதபடி லயங்களை எல்லாம் கம்பி வேலிக்குள் மாற்றப்போகிறார்கள் என்று உத்தரவு வந்து, தோட்டமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவரும் சட்டிபானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க மட்டும் வராம இருந்தா என்னைக் கப்பல் ஏத்தியிருப்பாங்க" என்றேன்.

"நான் கோவத்துலதான் வந்தேன்" என்றார் நிமிராமல்.

"அந்தக் காசை நானே வாங்கிக்கிறேன். என்ன வெலை சொன்னாலும் சரி."

"விக்கிறதுக்கு யாரு கொண்டாந்தா?" சாக்கைக் கீழே வைத்துவிட்டார். "ஜப்பான்காரன் காலத்துல என் பொம்பளப் புள்ள ரெண்டு வயசுல போயிருச்சு. அது அரைஞாணுல கெடந்த காசு. வேலிக்குள்ள போடப்போறாங்கன்னு அப்பவே பேச்சு. உள்ள போனா தெனம் சோதனை, எவனாச்சும் எடுத்துக்குவான்னு பயமா இருந்துச்சு. கிராணி வீட்டுல காசு பத்திரமா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. கொஞ்ச நாளு வச்சிருங்கன்னு கேக்கத்தான் அன்னிக்கு உங்க வாசலுக்கு வந்தேன். நீங்க என்னைப் பேசவே விடல. ஓட்டைக் காசு குப்பைன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டீங்க."

ஸ்டேஷனில் இருந்த மூன்று நாளும் எனக்குப் பயம்தான் இருந்தது, வெட்கம் இல்லை. அங்கே நின்றபோது வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இப்பக் குடுங்க அக்கா. என் உசுரு மாதிரி வச்சிருக்கேன்" என்றேன்.

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காசு அங்கேயே இருந்தது.

"வேணாம் கிராணி" என்றார். "உங்ககிட்ட குடுத்ததெல்லாம் கறுத்துப் போச்சாமே."