பீப்புக்கு என்ன பதில் சொல்வது

ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்த அந்த டி.வி. நிறுவனத்தில் அவருக்குப் பெயர் பீப்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது. அதை வாசல் காவலாளியைத் தவிர யாரும் படித்ததில்லை.

வேலை எளிது. 'நேரலை' என்று திரையில் எழுதியிருந்தாலும், விவாதத்தில் பேசுவது சில விநாடி கழித்துத்தான் வெளியே போகும். அந்தச் சில விநாடிக்கு நடுவில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர் அவர். மேசையில் இரண்டு பொத்தான்கள். சிவப்பை அமுக்கினால் பேச்சு செத்தது. வீட்டில் பார்ப்பவர்களுக்கு 'பீப்' என்று மட்டும் கேட்கும், சேமித்து வைக்கும் பதிவிலும் அந்தப் பீப்தான் நிற்கும். மஞ்சளை அமுக்கினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். வெட்டி ஒட்டுகிறவர்கள் அதைத் தனியாக எடுத்து நாள் முழுக்க ஓட்டுவார்கள்.

எப்போது எதை அமுக்குவது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் எழுதியா கொடுப்பார்கள்? நம்ம பக்கம் பேசுகிறவர் ஒரு பெண்ணைப் பற்றி ஏடாகூடமாக வாயை விட்டால் சிவப்பு. அந்தப் பக்கத்துக்காரர் விட்டால் மஞ்சள். இத்தனை வருஷத்தில் பீப்காரருடைய விரல் இதை அவருக்கே தெரியாமல் செய்யப் பழகியிருந்தது. யோசித்து அமுக்கினால் நேரம் தப்பிவிடும். அந்த வேலை அப்படி.

அவருக்கு ஒரே மகள். நிருபர். அவள் வேலை பார்த்தது எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்த டி.வி.யில். ஒரே வீட்டில் இரண்டு டி.வி.க்காரர்கள், ஒரு ரிமோட். ரிமோட் மனைவியின் கையில் இருந்தது. அவள் இரண்டையும் பார்க்க மாட்டாள்.

போன மாதம் மகளுடைய டி.வி.யில் வழக்கமாக வந்து பேசும் வக்கீல் ஒருவர், பெண் அமைச்சர் ஒருவரைப் பற்றி, "அந்தம்மாவுக்கு எதுக்கு இந்தத் துறை? சமையல்கட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்க, நாடு பிழைக்கும்" என்று சொல்லிவிட்டார். பீப்காரருடைய டி.வி. அதைப் பிடித்துக்கொண்டது. பொழுது விடிந்து பொழுது போனால் அதே வக்கீல், அதே சமையல்கட்டு. மாதர் அணி கொடும்பாவி கொளுத்தியது. பீப்காரரின் டி.வி.யில் தினமும் வரும் பேராசிரியர் 'பெண்மைக்கு அவமானம்' என்ற விவாதத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் பெயருக்குக் கீழே 'நடுநிலை விமர்சகர்' என்று போடுவார்கள். எந்தக் கல்லூரியில் எதற்குப் பேராசிரியர் என்று யாரும் கேட்டதில்லை.

மகளுடைய டி.வி.யில் அதே செய்திக்குத் தலைப்பு, 'வாய் தவறிய ஒரு சொல்'. அதை எழுதியது மகள்தான்.

"சமையல்கட்டுக்குப் போன்னு சொல்றது வாய் தவறினதாம்மா?" என்று சாப்பிடும்போது பீப்காரர் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு என்னப்பா நேர்ந்துடுச்சு? மந்திரியாத்தானே இருக்காங்க. உங்க பேராசிரியர் பேசாத பேச்சா? அதெல்லாம் பீப்புக்குள்ள போயிடுது, அவ்வளவுதான்."

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு எந்திரிங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து வந்தது குடிநீர்க் குழாய் விவகாரம். புதிதாகப் போட்ட குழாயில் தண்ணீர் தவிர மற்றதெல்லாம் வந்தது. செய்தியாளர் கூட்டத்தில் மகள் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க, அதிகாரி வேர்த்து வழிந்து எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் பீப்காரரின் டி.வி.யில் அதுதான் விவாதம். குழாயைப் பற்றி அல்ல, கேள்வியைப் பற்றி. எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை என்று ஒரு காலி நாற்காலியை அடிக்கடி காட்டினார்கள். யாரையும் கூப்பிடவில்லை என்பது வேறு கதை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணு இவ்வளவு கேள்வி கேக்குதே, எந்த முதலாளி ரூமுக்கு எத்தனை மணிக்குப் போயி அந்த மைக்கை வாங்குச்சுன்னு யாராவது கேட்டீங்களா?"

பீப்காரரின் விரல் சிவப்பை அமுக்கியது.

நம்ம ஆள், பெண், ஏடாகூடம். அவ்வளவுதான் விரலுக்குத் தெரியும். 'அந்தப் பொண்ணு' என்பது தன் மகள் என்று மண்டையில் ஏறுவதற்குள் பீப் ஊருக்குப் போய்விட்டது. பெற்ற மகளை ஒருவன் அசிங்கமாகப் பேச, அவனைத் தன் கையாலேயே காப்பாற்றிவிட்டார் மனுஷன். அடுத்த பகுதியில் பேராசிரியர் பொருளாதாரம் பேசினார்.

இதுநாள் வரை பீப்பைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று மறுநாள் தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பீப்பும் உலைமூடி அல்ல. பேராசிரியர் பேசியதில் கெட்ட வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் பீப் போட்டால் கெட்ட வார்த்தை என்றுதானே அர்த்தம்? அவனவன் தனக்குத் தெரிந்ததிலேயே மோசமானதை அந்த ஓட்டைக்குள் போட்டு நிரப்பினான். செல்போனில் அந்தத் துண்டு சுற்றியது. 'இதில் என்ன வார்த்தை? சரியாகச் சொல்பவருக்குப் பாராட்டு' என்று ஒருவன் போட்டி வைத்தான். மகள் போகுமிடமெல்லாம் பேச்சு நின்றது. "அந்தப் பீப் பொண்ணு நீதானேம்மா?" என்று ஒரு பெரிய மனிதர் கரிசனத்தோடு விசாரித்தார். அப்பாவின் பட்டப்பெயர் மகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

"அவர் என்னப்பா சொன்னார்?" என்று மகள் கேட்டாள்.

"சரியா காதுல விழலம்மா."

"உங்களுக்கா? அடுத்த தெருவுல மூடி திறந்தா எந்த பாட்டில்னு சொல்வீங்க. சொல்லுங்கப்பா. என்ன சொன்னார்னு தெரிஞ்சா பதில் சொல்லிடுவேன். பீப்புக்கு என்ன பதில் சொல்றது?"

அதைத் தன் வாயால் மகள் முகத்தைப் பார்த்துச் சொல்வதா? திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீங்க அமுக்குனது யாரோட வாயைன்னு இப்பவாவது தெரியுதா?" என்றாள் மனைவி. "அவன் வாயை இல்ல. இவ வாயை."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சிவப்புக்குள் எத்தனை பேர் மகள்கள் போயிருப்பார்கள் என்று முதல் முறையாக நினைத்தார். வெட்கமாக இருந்தது.

சத்தம் பெரிதானதும் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். செய்தி ஆசிரியர் வயதில் சின்னவர். பீப்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"உண்மையில அவர் என்னதான்ணே சொன்னார்?"

பீப்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார்.

"இவ்வளவுதானா!" ஆசிரியருக்கு உயிர் வந்தது. "இதுல கெட்ட வார்த்தையே இல்லையே! இதுக்குப் போயா அமுக்குனீங்க? உங்களாலதான் பேராசிரியர் பெயர் கெட்டுது. அவர் எவ்வளவு வருத்தத்துல இருக்கார் தெரியுமா?"

"அது என் பொண்ணு சார்."

"அடடா. உங்க பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா அவர் சொல்லியிருக்கவே மாட்டாரேண்ணே."

வேறு யார் பொண்ணாக இருந்தால் சொல்லலாம் என்று கேட்க பீப்காரருக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. விசாரணையின் முடிவைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்: இனிமேல் கெட்ட வார்த்தைக்கு மட்டுமே பீப், மற்ற எதற்கும் கூடாது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே பேராசிரியர் விளக்கம் கொடுக்க வந்தார். ஒப்பனை அறையில் பீப்காரரைப் பார்த்துச் சிரித்து, "பாத்துக்கோங்க, உங்களை நம்பித்தான் பேசுறேன்" என்று தோளில் தட்டினார். யார் அப்பா என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் மனம் புண்படும் என்று விட்டிருந்தார்கள்.

விவாதம் தொடங்கியது. என்ன நடந்தது என்று தொகுப்பாளர் கேட்டார். பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். சிவப்புப் பொத்தான் இருக்கும் தைரியம் அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் அப்படி என்ன தப்பா சொன்னேன்? எந்த முதலாளி ரூமுக்கு எத்தனை மணிக்குப் போயி அந்த மைக்கை வாங்குச்சுன்னு கேட்டேன். இப்பவும் கேக்குறேன். பதில் உண்டா?"

பீப்காரரின் விரல் துடித்தது. பழக்கதோஷம், என்ன செய்ய? அவர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். விநாடிகள் போயின. வார்த்தைகள் ஒன்றுவிடாமல் சுத்தமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு மற்ற கையால் மஞ்சளை அமுக்கினார்.

ஆசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "ஏண்ணே அமுக்கல?"

"கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே சார்" என்று பீப்காரர் சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

செல்போனில் மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'கேட்டுட்டேன்பா. இனி நான் பாத்துக்குறேன்.'

மறுநாள் அவரை வானிலை அறிக்கைக்கு மாற்றினார்கள். மழையை யாரும் முதலாளி ரூமுக்குப் போனதாகச் சொல்வதில்லை, பொத்தானுக்கு வேலையில்லை. அதனால் சாயங்காலம் வீட்டில் இருந்தார். மனைவி ரிமோட்டை எடுத்து முதல் முறையாக மகளுடைய டி.வி.யைப் போட்டாள்.

மகளுக்கு நீதி கேட்டு அங்கே சிறப்பு விவாதம். பெண்மைக்கு அவமானம் என்று தலைப்பு. மகளுக்குப் பக்கத்தில் அதே வக்கீல், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

மகள் நிமிர்ந்து பேசினாள். "எந்த ரூமுக்கும் போகல. தேர்வு எழுதி, கேள்வி கேட்டு வாங்கின மைக் இது. தண்ணி ஏன் வரலைங்கிறதுதான் என் கேள்வி. அதுக்கு இன்னும் பதில் வரல." மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அதற்கப்புறம் மகள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "'வாய் தவறிய ஒரு சொல்'னு தலைப்பு எழுதினது நான்தான் சார், அது என் தப்பு. ஆனா அமைச்சரம்மாவை நீங்க சமையல்கட்டுக்குப் போகச் சொன்னீங்களே, அதுவும் இதுவும்—"

பீப்.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பீப் நிற்கவில்லை. வக்கீலின் கண்ணாடி கையிலேயே இருந்தது. பிறகு விளம்பரம் வந்தது.

"ஐயையோ, என்னங்க சொன்னா?" என்று மனைவி பதறினாள். "ஏதாவது அசிங்கமா பேசிட்டாளா?"

"இல்லடி" என்றார் பீப்காரர். "கெட்ட வார்த்தை எதுவும் இல்ல."