கேட்கத் தெரியாத சிப்பாய்

போன மாதம் ஒரு டீ மாஸ்டரோடு சண்டை போடுவதற்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் வரை போனேன். டீயில் சர்க்கரை கூடிவிட்டதா? அதெல்லாம் இல்லை. அவர் என் தம்பியைக் கெடுக்கிறார் – அப்படித்தான் நினைத்தேன்.

தம்பி பேர் செந்தில். வயது முப்பத்து நான்கு. பம்புசெட் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். போன வருஷம் திடீரென்று பகுதி நேர ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். வேலையை விட வேண்டியதில்லை. கூப்பிடும்போது யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போகணும். முடிந்ததும் பழையபடி கம்பெனி. 'இந்தத் தொப்பையோடவா?' என்று நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் தேர்வாகிவிட்டான்.

ஆனால் அவனிடம் ஒரு கோளாறு. யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். பந்தியில் ரசம் ஊற்ற மறந்துவிட்டால், பேசாமல் மோருக்குக் காத்திருப்பான். கேட்டால் பரிமாறுகிறவருக்குச் சங்கடமாம்! மரியாதைக்குப் பேர்போன ஊர்தான் எங்களுடையது... அதற்காக இப்படியா?

முதல் பயிற்சியில் பூட்ஸ் சேரவில்லை. காலெல்லாம் கொப்புளம். வேறு சைஸ் கேட்கக் கூச்சப்பட்டு நாலு நாள் நொண்டியிருக்கிறான். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து ஸ்டோருக்குக் கூட்டிப்போய், "இப்ப நீங்களே வாயத் தொறந்து கேளுங்க" என்று முன்னால் நிறுத்தியிருக்கிறார். அவர்தான் பிரகாஷ். வெளியில் பேக்கரி டீ மாஸ்டர். படையில் மூன்று வருஷம் சீனியர். வயதில் தம்பியைவிட ஏழு வருஷம் சின்னவர்.

அதற்கப்புறம் வீட்டில் எதற்கெடுத்தாலும் 'பிரகாஷ் சொன்னாரு'தான். ஈர பூட்ஸுக்குள் பேப்பரைத் திணித்து வைக்கணும் – பிரகாஷ் சொன்னாரு. கேம்ப் லெட்டர் வந்த அன்றைக்கே கம்பெனியில் காட்டிவிடணும் – பிரகாஷ் சொன்னாரு. இவன் அவரை 'சீனியர்' என்கிறான். அவர் இவனை 'அண்ணா' என்கிறார். எங்கள் பேச்சுக்கு இத்தனை வருஷத்தில் இப்படித் தலையாட்டியிருப்பானா? கொஞ்சம் பொறாமைதான் எனக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில்தான் என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. சென்னிமலைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையடிக்கணும், காது குத்தணும். அவளுக்கு இருப்பது ஒரே மாமன். பத்திரிகையைக் கையில் கொடுத்தபோது, "வந்தர்றனுங்க்கா" என்று சிரித்தான்.

விசேஷத்துக்கு நாலு நாள் முன்பு அவன் மனைவி போன் பண்ணினாள். குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினாள். "அண்ணி... அவருக்கு வெள்ளிக்கெழமையே கேம்ப் ஆரம்பிக்குதுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளாத் தூங்காமத் திரியறாருங்க."

எனக்குக் கோபம் வந்தால் எப்படி வரும் என்று நான் எழுதும் இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தம்பியைத் திட்டினால் தலையைக் குனிந்துகொள்வான், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த பிரகாஷ்தான் என்று முடிவுகட்டிக் கிளம்பிவிட்டேன்.

பேக்கரியில் சாயங்காலக் கூட்டம். "வாங்க்கா, டீங்களா, காப்பிங்களா?"

"நான் செந்திலோட அக்கா."

அந்த முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தாவது நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நீங்க சொல்லித்தானே அவன் ஆடறான், தாய்மாமன் இல்லாமல் எப்படிக் காது குத்துவது, பச்சைக் குழந்தை உங்களுக்கு என்ன பாவம் செய்தது என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க்கா... காதுகுத்துன்னு அண்ணன் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே!"

அங்கேயே தம்பிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணா, ஞாயித்துக்கெழமை உங்களுக்கு ஏதாச்சும் ஜோலி இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க சீனியர்."

எனக்குச் சுருக்கென்றது. ஒண்ணுமில்லையாம்!

"அக்கா இங்கதான் நிக்கறாங்க."

தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "புதுசா வந்துபோட்டு லீவு கேட்டா என்ன நெனப்பாங்க... அக்காகிட்டத் தேதிய மாத்தச் சொன்னா அவங்களுக்கும் சங்கடம்... அதானுங்க."

இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிவிட்டு, நடுவில் தனியாக நின்று வெந்துகொண்டிருக்கிறான். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவி, தூங்கக்கூட இல்லையாமே!

பிரகாஷ் டவலில் கையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணா, மொத வருசம் நானும் இப்படித்தான் கேக்காம உட்டுப்போட்டேன். எங்கக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. பின்னாடி தெரிஞ்சு சுபேதார் சார் திட்டுனாரு – கேட்டிருந்தா அரை நாள் உட்டிருப்பனேடான்னு. அந்த போட்டோவுல புள்ள வேற ஆளு மடியில உக்காந்திருக்குதுங்க. இன்னைக்கும் என்னால அதைப் பாக்க முடியல. நீங்க இப்பவே சாருக்கு போன் போடுங்க. முடியாதுன்னா முடியாதும்பாரு, அவ்வளவுதானுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தேதி குறிக்கறப்ப நீங்க அண்ணனைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஜோசியரைக் கேட்டேன், மண்டபக்காரரைக் கேட்டேன், சமையல்காரரைக்கூடக் கேட்டேன். தம்பியை எதற்குக் கேட்பது, அவன்தான் எல்லாவற்றுக்கும் சரி என்பானே! டீயைக் கையில் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அழாத பிள்ளையை 'தங்கமான பையன்' என்று மெச்சியே வளர்த்துவிட்டோம். அவன் பசியை யார் பார்த்தது?

அரைமணி நேரத்தில் தம்பியே கூப்பிட்டான். ஞாயிறு காலை மட்டும் லீவு கொடுத்திருக்கிறார்கள். மதியம் இரண்டு மணி ரோல்காலுக்குள் கேம்ப்பில் இருக்க வேண்டும். அதுவரை அவனுடைய டியூட்டியைப் பிரகாஷ் பார்த்துக்கொள்வாராம்.

வந்தான். ஒட்ட வெட்டிய தலையோடு மாமன், மொட்டைத் தலையோடு மருமகள். ஊசி பட்டதும் அவள் வீறிட்டு அழுது, இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இவனும் அழுதான். நான் மட்டும் சும்மா இருந்தேனா என்ன?

பதினொன்றரைக்கே கிளம்பினான். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "கறி விருந்து சாப்பிடாம ஒருத்தன் போவானா?"

"இல்லீங்க பெரியப்பா, இருக்க முடியாதுங்க" என்றான். கூட்டமே திரும்பிப் பார்த்தது. செந்திலா பேசினது?

வண்டியை ஸ்டார்ட் பண்ணியவன் என்னைப் பார்த்துத் தயங்கினான். "அக்கா... ஒண்ணு கேக்கட்டுங்களா? பிரகாஷுக்குக் கொஞ்சம் கறிச்சோறு கட்டித் தர்றீங்களா?"

முப்பத்து நான்கு வருஷத்தில் என் தம்பி என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. சமையல் கொட்டகைக்கு ஓடினேன்.

ஒருத்தருக்குத்தான் கேட்டான், பத்துப் பேருக்குக் கட்டிக் கொடுத்தேன். கேளுடா கண்ணு... இன்னும் கேளு!