வேலி தாண்டப்போகும் மாடுகள்

"நாளைக் காலை என் மாடுகள் வேலியைத் தாண்டும். தகவலுக்காகச் சொல்கிறேன்."

போன மாதம் எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஹில்டா, சர்ச்சுக்குப் போகிற உடுப்பில், வீடு வீடாகக் கதவைத் தட்டி இப்படிச் சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "சரி" என்று தலையாட்டினார்கள். சிரித்தது நானும் என் மனைவி வசந்தாவும்தான் – அதுவும் மாடிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு!

முதலிலிருந்து சொல்கிறேன்.

மேற்கு ஜெர்மனியில் ஹனோவருக்கு வடக்கே ஒரு கிராமம். என் லேபுக்குப் பக்கம் என்பதால் இங்கே ஜாகை. ஹில்டா அம்மாள் கணவரை இழந்தவர். கொஞ்சம் கறவை மாடுகள், ஒரு மரக் கொட்டகை – இவைதான் ஜீவனம். குளிர்காலத் தீவனம் முழுக்க அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. அதை ஒட்டி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஹாம்பர்க்காரர் ஒருவரின் நிலம். அதற்கும் அப்பால் ரயில் பாதை.

ஹாம்பர்க்காரர் நிலத்தை வாங்கிப் போட்டதோடு சரி. வருடத்துக்கு ஒரு தரம் காரில் வருவார், காற்று வாங்குவார், போய்விடுவார். இந்தக் கோடையில் மழையே இல்லை. அவர் நிலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து அப்பளமாகக் காய்ந்து நின்றது. ரயில் பிரேக் போட்டால் சக்கரத்திலிருந்து பொறி பறக்கும். ரயில் சத்தம் கேட்டாலே அம்மாள் ஜன்னலுக்கு ஓடுவார். நிலத்தின் பத்திரம் ஹாம்பர்க்கில்... பயம் மட்டும் இங்கே!

ஹாம்பர்க்குக்குப் போன் போட்டார். ஆள் ஸ்பெயினில் இருக்கிறாராம். செப்டம்பரில்தான் வருவாராம்.

"நீங்களே புல்லை வெட்டிவிடுங்களேன்" என்றேன்.

"அடுத்தவர் நிலத்திலா? அனுமதி இல்லாமலா?"

இரண்டு வருடம் முன்பு, 1973-இல், பெட்ரோல் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை யாரும் காரை எடுக்கக் கூடாது என்றார்கள். ஆள் இல்லாத சாலையில்கூட ஒருவரும் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஜனங்கள்.

வசந்தா சிவகங்கைக்காரி. "ஏங்க, இதுக்கா இவ்வளவு யோசனை? மாட்டை உள்ள விட்டுட்டு, 'அடடா, வேலியைத் தாண்டிடுச்சே'ன்னு சொல்லச் சொல்லுங்க. வாயில்லா ஜீவன்கிட்ட யாரு பட்டா கேக்கப் போறா?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எடுத்துச் சொன்னேன். அம்மாள் முகம் சிவந்துவிட்டது.

"என் மாடுகள் இதுவரை வேலி தாண்டியதே கிடையாது. ஊருக்கே தெரியும். யார் நம்புவார்கள்?"

அடுத்த சில நாட்களில் பைன் காட்டுப் பக்கம் புகை தெரிந்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் உடுப்பு மாற்றிக்கொண்டு கிளம்பினார். அதுதான் மேலே சொன்ன அறிவிப்பு.

மறுநாள் காலை தன் கையாலேயே வேலிக் கம்பியைக் கழற்றினார். ஆணிகளைப் பத்திரமாக டப்பாவில் போட்டார். மாடுகள் "தாண்டின". ஒரு வாரம் வேலியோரமாக மேய்ந்தன, மிதித்தன. பிறகு அதே ஆணி, அதே கம்பி... வேலி பழையபடி நின்றது.

பயந்தது நடந்தது. ரயில் பாதையோரம் பற்றிய தீ, காற்றோடு எங்கள் பக்கம் ஓடி வந்தது. ஊரே மண்வெட்டியும் ஈரச் சாக்குமாகத் திரண்டது. நானும் வசந்தாவும் சாக்கோடு நின்றோம். மாடு மேய்ந்த இடத்துக்கு வந்ததும் தீ கணுக்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அடித்தே அணைத்துவிட்டோம். ஹில்டா அம்மாள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. புகை என்று வசந்தாவிடம் சொல்லிவைத்தேன்.

போன ஞாயிறு ஹாம்பர்க்காரர் வந்தார். நிலம் பாதி கரி, பாதி மொட்டை.

"யார் இங்கே மேய்த்தது?"

"என் மாடுகள்தான். வேலி தாண்டிவிட்டன" என்றார் அம்மாள், தரையைப் பார்த்தபடி.

அவர் கரியைப் பார்த்தார். முழுசாக நிற்கும் கொட்டகையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார் – "அடுத்த வருடமும் தாண்டுமா?"

அம்மாள் உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "ஜூன். இரண்டாவது திங்கட்கிழமை."

"நல்லது. குறித்துக்கொள்கிறேன்."

மாடு வேலி தாண்டுவதற்கும் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிற ஊர் சார் இது!