உக்கிரபாண்டி சாரின் நரி

உக்கிரபாண்டி சார் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ரப்பரை எடுத்துப் பாண்டாக்களை ஒழித்துக்கட்டுவார். அருகிவரும் விலங்கை வரையச் சொன்னால் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குக் கை தானாகப் பாண்டாவுக்குப் போகிறது. சீனாவில் அதன் கதி என்னவோ, நம்மூரில் அமோகமாகப் பெருகிவிட்டது. "ஏலே, இது ஒங்க தாத்தா காட்டுல மேஞ்சதா? கண்ணால பாத்ததை வரைங்கலே!" என்பார்.

அவர் கண்ணால் பார்க்கவைத்தது நரியை. ஓட்டப்பிடாரம் போகிற வழியில் ஓர் ஓடைக்கரை, உடைமரப் புதருக்குள் ஒரே ஒரு நரிக் குடும்பம் மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தூரத்தில் நின்று காட்டினார். நடை புரியவேண்டுமே என்று, இஸ்திரி போட்ட வெள்ளைப் பேண்ட்டோடு வகுப்பில் நாலு காலில் நடந்தும் காட்டுவார். வரைவது கரித்துண்டால் என்பதால், பாடம் முடியும்போது பேண்ட்டைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

இடையிடையே பகுத்தறிவும் உண்டு. "நரிக்கொம்பு, நரிப்பல்லுன்னு வாங்குதவன் இருக்க வரைக்கும் கொல்லுதவனும் இருப்பான். யோகமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது." சாமி கும்பிடாதவர். பூனை குறுக்கே போனால் நின்று அதன் வாலை வரைகிறவர்.

பலன் கிடைத்தது. மாணவி ப்ரியதர்ஷினி வரைந்த நரி, ஆளை நேராகப் பார்த்தது. அவள் அப்பா சுந்தரபாண்டியன், பலசரக்குக் கடைக்காரர், அதற்குக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு எதிரே மாட்டினார். காலையில் நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டமாயிற்றே! வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அது பொங்கல் வாரம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பஜார் முழுக்க நரிப்படம் கேட்டார்கள். காட்டுயிர் விழிப்புணர்வு இந்த வேகத்தில் வேறெங்கும் பரவியிருக்காது. சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் காலை சுந்தரபாண்டியன் அவரைக் கடைக்குக் கூப்பிட்டார். நான் சீனி வாங்க நின்றிருந்தேன்.

"படத்துக்கே இம்புட்டு யோகம்னா நெசத் தலைக்கு எம்புட்டு இருக்கும்! ஓடைக்கரைய நீங்கதான் காட்டுனீயளாம், பாப்பா சொன்னா. சுருக்கு வைக்க ஆளு கெளம்பிட்டான் சார். பாடம் பண்ணி இங்கன மாட்டப் போறேன்."

சாரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சட்டம், ஜெயில் என்றார். "அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் கடைக்காரர். இயற்கைச் சமநிலை என்றார். கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"அண்ணாச்சி," என்றார் சார் கடைசியில், "உசுரோட இருக்க நரி முகத்துலதான் யோகம். செத்த நரி மூஞ்சில முழிச்ச கடை ஒண்ணுகூட நெலைச்சதில்ல. எங்க குலசாமி சொன்ன வாக்கு."

சுந்தரபாண்டியன் முகம் வெளுத்தது. சுருக்குக்காரனைத் திரும்பி வரச்சொல்லப் போனை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சத்தியமா?"

காலைப் பூசைத் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. உக்கிரபாண்டி சார், வரைகிற கையாலேயே அதை ஓங்கி அடித்து அணைத்தார்.